நத்தையைத் தின்னும் நத்தை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஹவாயில் ஒரு மர நத்தை இனத்தின் கடைசி நத்தையான ஜார்ஜ் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எங்கள் தோட்டத்தில் ஒரு மழை விட்டால் போதும், ராட்சத ஆப்பிரிக்க நத்தைகள் ஏறி வந்து பப்பாளிக் கன்றுகளை மொட்டையடித்துவிடுகின்றன. உப்பு போட்டு அலுத்துவிட்டது. இதைத் தின்கிற இன்னொரு நத்தை அமெரிக்காவில் இருக்கிறதாமே, அரசாங்கம் அதைக் கொண்டுவந்து விட்டால் என்ன? மருந்தடிப்பதைவிட நல்லதுதானே? இயற்கையை இயற்கையே சரிசெய்துகொள்ளும் இல்லையா? அப்புறம், கடல் நடுவே இருக்கும் தீவுக்கு நத்தை எப்படிப் போய்ச் சேர்ந்தது?

ஆர்., மார்த்தாண்டம்

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பறவையோடு போயிருக்கும், இல்லாவிட்டால் புயலில் பிய்ந்து மிதந்த மரத்தோடு. ஜப்பானில் ஒரு வகைக் குட்டி நத்தைகளைப் பறவைகளுக்குத் தின்னக் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து எச்சத்தோடு உயிராகவே வெளியே வந்தன. லட்சக்கணக்கான ஆண்டுகள் அவகாசம் இருந்தால் ஒன்றிரண்டு எங்கேயாவது போய் ஒட்டிக்கொள்ளத்தானே செய்யும்.

உங்கள் யோசனைக்கு வருகிறேன். அதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. கொஞ்ச நாளாக அந்த நத்தை பற்றித்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். யூக்லாண்டினா என்று பெயர், ஃபுளோரிடா பக்கத்துக்காரன். நீங்கள் இன்று கேட்பதை 1955லேயே ஹவாயில் செய்து பார்த்துவிட்டார்கள், இதே ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்கத்தான். அது பெரிய நத்தையை ஒழிக்கவில்லை. காட்டுக்குள் போய் விரல்நகம் அளவு மர நத்தைகளைத் தின்னத் தொடங்கியது. ஏன் போகாது? தன்னை எதற்குக் கூட்டிவந்தார்கள் என்று அதற்கு யார் சொன்னார்கள்? அதன் வாயின் இரண்டு பக்கமும் மீசைபோல இரண்டு மடல்கள் நீண்டிருக்கும். மற்ற நத்தைகள் ஊர்ந்துபோன கோழைத்தடத்தை அந்த மடல்களால் தொட்டுத் தொட்டு அறிந்துகொண்டு பின்னாலேயே போகும், அவற்றைவிட வேகமாக, மரத்தின் மேலும் ஏறும். சின்னதாக அகப்பட்டால் ஓட்டோடு அப்படியே விழுங்கிவிடும். பெரிய நத்தையோடு மல்லுக்கட்ட அதற்கு என்ன அவசியம்?

சரி, ஹவாயில் தெரியாமல் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு ஆறாதது பசிபிக் கடலின் இன்னொரு தீவான டஹீட்டி. உணவுக்காகக் கொண்டுவந்த ஆப்பிரிக்க நத்தை 1967ல் அங்கே வந்து தோட்டங்களில் பெருகியது. 1974ல் யூக்லாண்டினாவைக் கொண்டுவந்து விட்டார்கள், 1977ல் பக்கத்துத் தீவான மோரியாவிலும். ஹவாயின் அனுபவம் அப்போது கிட்டத்தட்ட இருபது வருடம் பழையது, ஆர்.! கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை.

மோரியாவில் இருந்தவை பார்ட்டுலா என்ற சின்ன மர நத்தைகள். முட்டை இடாது, முதுகில் ஓட்டோடு ஒரு முழுக் குட்டியை ஈனும், ஒரு தடவைக்கு ஒன்றுதான். ஹென்றி கிராம்ப்டன் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1906 முதல் அந்தத் தீவுகளின் பள்ளத்தாக்குகளில் ஏறி இறங்கி பல்லாயிரம் ஓடுகளைக் கையால் அளந்தார். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு நிறமும் வரியும் மாறும். பிறகு பிரையன் கிளார்க், ஜேம்ஸ் மரே என்ற இரண்டு உயிரியலாளர்கள் அங்கே வருடக்கணக்கில் வேலை செய்தார்கள். அங்கே ஒரு இனம், அக்கம்பக்கத்து இனங்கள் வலம்புரியாக இருக்கும் இடத்தில் தான் இடம்புரியாக இருக்கும், அவை இடம்புரியாக இருக்கும் இடத்தில் தான் வலம்புரி. எதிர் எதிராகச் சுருண்டவை இணைசேர்வது கடினம் என்பதால் இனம் கலக்காமல் இருக்கும். ஒரு இனம் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்த இடம் அது. யூக்லாண்டினா அதில் பத்து வருடம் நடந்தது, அவ்வளவுதான். டஹீட்டியைச் சுற்றியுள்ள அந்தத் தீவுகளில் சுமார் 60 பார்ட்டுலா இனங்கள் இருந்தன, காட்டில் மிஞ்சியவை ஐந்தோ என்னவோ.

எங்கே போனாலும் இதை நான் யாரிடமாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பார்ட்டுலாக்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரத் தாள், அதன் ஓரத்தில் தேன் நிறத்தில் ஒன்று, பக்கத்தில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய அதன் குட்டி. அதுவும் கொம்பை நீட்டிக்கொண்டு கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. உடன் வந்த நண்பர் புலி பார்க்க இழுத்தார், போங்கள் என்றுவிட்டேன். அதே காட்சிசாலையில்தான் டஹீட்டிக்கு அருகே உள்ள ராயாட்டேயா தீவின் டர்ஜிடா என்ற பார்ட்டுலா இனத்தின் கடைசி நத்தை 1996 ஜனவரியில் செத்தது.

ஆகவே இயற்கையை இயற்கையே சரிசெய்துகொள்ளும் என்று என்னிடம் எழுதாதீர்கள். ஃபுளோரிடாவின் நத்தையை டஹீட்டிக்குக் கொண்டுபோனது இயற்கை இல்லை. ஒரு அலுவலகத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டார். நீங்களும் அதே கையெழுத்தைத்தான் கேட்கிறீர்கள், பப்பாளிக்காக. மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறெங்கும் இல்லாத நத்தைகள் எத்தனை இருக்கின்றன தெரியுமா? உங்கள் தோட்டத்திலிருந்து மலை எவ்வளவு தூரம்? உங்கள் வருத்தம் புரிகிறது. நட்டு வளர்த்த கன்று காலையில் வெறும் குச்சியாக நின்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது. ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்லும்முன் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

செத்துப்போனவற்றோடு கதை முடியவில்லை. காட்சிசாலைகளில் பெருக்கிய பார்ட்டுலாக்களை 2015 முதல் திரும்பக் காட்டில் விடுகிறார்கள், ஒவ்வொன்றின் ஓட்டிலும் புறஊதா விளக்கில் ஒளிரும் பெயின்ட் பொட்டு வைத்து. அண்மையில் மோரியாவில் பொட்டு இல்லாத வளர்ந்த நத்தைகள் கிடைத்தன. காட்டிலேயே பிறந்தவை. அந்தச் செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

உங்கள் தோட்டத்துக்கு: நனைத்த சாக்கில் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ போட்டு அந்தியில் வையுங்கள், இரவு டார்ச்சோடு போனால் கும்பலாக இருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புநீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொடவே வேண்டாம், மூளையைத் தாக்கும் புழு அதில் இருக்கக்கூடும். பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்களையும் இறக்கிவிடுங்கள், நீங்கள் மட்டும் பொறுக்கினால் அடுத்த மழைக்கு அங்கிருந்து வந்துவிடும்.