இதயத் துடிப்புக் கருவி: அம்மாவுக்கு மட்டும் ஏன்?

கேள்வி: அம்மா, அப்பா இருவருக்கும் இதயம் பலவீனம். ஈ.சி.ஜி.யில் கியூ.ஆர்.எஸ். அகலம் (இதயத்தின் கீழறைகளில் மின்தூண்டல் பரவ எடுக்கும் நேரம்) இருவருக்கும் 138 மில்லிசெக்கன். இரு கீழறைகளையும் ஒன்றாகத் துடிக்கவைக்கும் மூன்று கம்பிப் பேஸ்மேக்கரை வைத்தியர் அம்மாவுக்கு மட்டும் பரிந்துரைக்கிறாரே?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: பெண்களின் இதயம் பொதுவாகச் சிறியது; அதில் 138 என்பதே பெரிய தாமதம். மின்பாதையின் இடக்கிளை தடைப்பட்டிருந்தால், 130 முதல் 149 வரையிலும் பெண்களுக்கு நல்ல பலன் கிடைக்கிறது. ஆண்களுக்குத் தெளிவான பலன் பெரும்பாலும் 150ஐத் தாண்டினால்தான். பழைய ஆய்வுகளில் ஆண்களே அதிகம் என்பதால், பல பெண்களுக்கு இந்தச் சிகிச்சை தவறிப்போனது, இது வருந்தத்தக்கது.

எக்கோவில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இடக் கீழறை வெளியேற்றும் இரத்தத்தின் விகிதம்) 35 சதவீதமோ குறைவோ என்பதையும், குறைந்தது மூன்று மாதம் முழு அளவில் மருந்து எடுத்தாரா என்பதையும் கேளுங்கள். கருவி வைக்கும்போது நுரையீரலைச் சுற்றிக் காற்றுச் சேரும் அபாயம் பெண்களுக்குச் சற்றுக் கூட. கருவி வைத்தபின் மூச்சு முட்டினால் உடனே எக்ஸ்ரே எடுக்கவேண்டும்.