கேள்வி–பதில்: நெஸ் ஏரியில் தெரிவது என்ன?

சென்ற இதழில் ஒரு வாசகர், 'ஏரிகளிலும் கடலிலும் ராட்சத விலங்கைப் பார்த்ததாகச் சொல்கிறார்களே, நம்பலாமா?' என்று கேட்டிருந்தார். அநேகமாக எல்லாமே வேறு ஒன்றைப் பார்த்து ஏமாந்தவைதான் என்று நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அது பலருக்குப் பிடிக்கவில்லை. நாலு வரியில் முடிகிற விஷயமும் இல்லை என்பதால் இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: நெஸ் ஏரியில் இத்தனை வருஷமாக இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் பொய் சொல்கிறார்களா?

இல்லை. அப்படி நான் எழுதவும் இல்லை. பார்த்தவர்களில் பெரும்பாலோர் எதையோ நிஜமாகவே பார்த்திருக்கிறார்கள். அந்த 'எதையோ' என்ன என்பதில்தான் தகராறு.

ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரி 37 கிலோமீட்டர் நீளம், ஆனால் அகலம் ஒன்றரை கிலோமீட்டர் அளவுதான். ஆழம் 230 மீட்டர் வரை போகிறது. இரு பக்கமும் கரை சரேலென்று இறங்கும். மலைகளின் கரிமண்ணைக் கரைத்துக்கொண்டு வருவதால் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருக்கும், சில மீட்டருக்குக் கீழே ஒன்றும் தெரியாது. இந்த ஏரி வழியாகத்தான் 1822-ல் திறந்த கலிடோனியன் கால்வாயின் படகுப் போக்குவரத்தும் நடக்கிறது. ஒரு படகு நடு ஏரியில் போகிறது என்று வையுங்கள். அது கிளப்பிய அலை கரைக்கு வந்து சேர்வதற்குள் படகே கண்ணுக்கு மறைந்திருக்கும். கரையில் மோதித் திரும்புகிற அலையும் புதிதாக வருகிற அலையும் சந்திக்கிற இடத்தில், காற்றே இல்லாத நாளில், அசையாத தண்ணீருக்கு நடுவே கறுப்பாக இரண்டு மூன்று மேடுகள் எழுந்து நகரும். பக்கத்தில் படகு எதுவும் இல்லை. பார்க்கிறவர் என்ன நினைப்பார்?

இதோடு கானலும் உண்டு. குளிர்ந்த தண்ணீருக்கு மேல் வெதுவெதுப்பான காற்று படிந்திருந்தால் ஒளி வளையும், தாழ்வாக மிதக்கிற சின்னப் பொருள்கூட செங்குத்தாக நீண்டு தெரியும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லென் என்பவர் 1979-லேயே இதை ஏரி ராட்சதங்களோடு பொருத்தி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். வெறும் தண்ணீர்ப் பரப்பில் அளவுகோலாக எதுவும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரத்தைத் தப்பாகக் கணித்தால் அளவும் தப்பாகும், ஐம்பது மீட்டரில் இருக்கிற நீர்நாயை ஐந்நூறு மீட்டரில் இருப்பதாக மனசு எடுத்துக்கொண்டால் அது பத்து மடங்கு பெரிதாகிவிடும்.

2003-ல் பிபிசி ஒரு சோதனை செய்தது. ஏரிக்குள் வேலிக்கம்பம் ஒன்றை மறைத்து வைத்து, பஸ்ஸில் வந்த சுற்றுலாப் பயணிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கினார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலோர் ஏதோ சதுரமான பொருள் என்று சரியாகத்தான் சொன்னார்கள். படம் வரையச் சொன்னபோது மட்டும் சிலர் கையிலிருந்து விலங்குத் தலை வந்தது! அவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லை. நெஸ் ஏரிக்குப் போகிற எவரும் அந்தத் தலையை மனசில் சுமந்துகொண்டுதான் போகிறார்கள்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அந்தப் பிரபலமான ஃபோட்டோவில் நீண்ட கழுத்து தெளிவாகத் தெரிகிறதே? அதையும் அலை என்பீர்களா?

அது மோசடி. 1933 டிசம்பரில் 'டெய்லி மெயில்' பத்திரிகை மார்மடியூக் வெதரெல் என்ற வேட்டைக்காரரை நெஸ் ஏரிக்கு அனுப்பியது. அவர் கரையில் ராட்சதக் காலடிகள் கண்டுபிடித்தார், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பார்த்துவிட்டு, பாடம் செய்த நீர்யானைக் காலால் பதித்த தடம் என்று சொல்லிவிட்டது. அவமானப்பட்ட வெதரெல், கடையில் வாங்கிய பொம்மை நீர்மூழ்கியின் மேல் கழுத்தும் தலையும் செய்து ஒட்டி, படம் எடுக்க வைத்து, ராபர்ட் கென்னத் வில்சன் என்ற லண்டன் டாக்டர் பெயரில் வெளிவரச் செய்தார். 1934 ஏப்ரலில் அதே டெய்லி மெயிலில் வந்தது. பொம்மையைச் செய்த வெதரெலின் வளர்ப்பு மகன் கிறிஸ்டியன் ஸ்பர்லிங் தொண்ணூறு வயதில் உண்மையைச் சொல்லி, 1994-ல்தான் விஷயம் வெளியே வந்தது. அறுபது வருஷம்! மோசடியைப் பார்வைப் பிழையோடு சேர்க்கக் கூடாது. ஆனால் அந்தப் படத்துக்குப் பிறகு ஏரிக்குப் போனவர்கள் தேடியது அந்தக் கழுத்தைத்தான், அதனால் ஒன்று மற்றதை வளர்த்தது.

சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கப்பல் அதிகாரி: நான் முப்பது வருஷம் கடலில் இருந்தவன். கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறவன் அலைக்கும் விலங்குக்கும் வித்தியாசம் தெரியாமல் ஏமாறுவான் என்பதை ஏற்க மாட்டேன். டீடலஸ் கப்பலுக்கு என்ன சொல்கிறீர்கள்?

ஐயா, எனக்கு வந்ததில் மிக நல்ல கேள்வி இதுதான். உங்கள் கோபத்தில் பாதி நியாயமும் இருக்கிறது.

மற்ற வாசகர்களுக்காக: 1848 ஆகஸ்ட் 6. பிரிட்டிஷ் போர்க்கப்பல் டீடலஸ், நன்னம்பிக்கை முனைக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் கப்பல் கேப்டன் பீட்டர் மெக்வேயும் அதிகாரிகளும் ஒரு பிராணியைப் பார்த்தார்கள். தலை தண்ணீருக்கு மேல் நாலடி உயரத்தில், உடம்பு குறைந்தது அறுபது அடி, பழுப்பு நிறம், தொண்டைப் பக்கம் மஞ்சள் கலந்த வெள்ளை. வளைந்து நெளியாமல் நேராக, வேகம் குறையாமல் கப்பலை ஒட்டியே போனது. இருபது நிமிஷம் பார்த்தார்கள். கேப்டன் கடற்படைத் தலைமைக்கு எழுதிய அறிக்கை டைம்ஸ் பத்திரிகையில் வந்து பெரிய பரபரப்பானது.

அன்றைய இங்கிலாந்தின் மிகப் பெரிய விலங்கியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவன், பெரிய சீல் ஒன்றைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள் என்று எழுதினார். சீல் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும் என்று கேப்டன் திருப்பி எழுதினார். இந்தச் சண்டையில் நான் கேப்டன் பக்கம். அறிஞர் தன் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, பார்த்தவர்கள் சொன்ன விவரங்களில் தனக்கு ஒத்துவராதவற்றைத் தள்ளிவிட்டார்.

ஆனால் அதே கப்பலில் இருந்த லெஃப்டினென்ட் எட்கர் டிரம்மண்டின் குறிப்பைப் பாருங்கள். தலை நீளமாக, கூர்மையாக, மேல்பக்கம் தட்டையாக, ஏறக்குறைய பத்தடி இருந்தது, மேல் தாடை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது, தலைக்கு இருபதடி பின்னால் முதுகுத் துடுப்பு அவ்வப்போது தெரிந்தது என்கிறார். வாயைத் திறந்தபடி கடல்மட்டத்தில் இரையை அள்ளிக்கொண்டு நேர்கோட்டில் போகிற 'சேய்' (Sei) என்ற வகைத் திமிங்கலத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது என்று காட்டியிருக்கிறார் கேரி கால்பிரெத் என்ற அமெரிக்க ஆய்வாளர். சேய் திமிங்கலத்தின் நீளமும் அறுபது அடியைத் தொடக்கூடியது. தலை மேலே நீட்டிக்கொண்டு, நெளியாமல், வேகம் மாறாமல் போனதெல்லாம் இதில் அடங்கிவிடுகிறது. அதாவது அதிகாரிகள் தாங்கள் கண்டதை நன்றாகவே கவனித்து எழுதியிருக்கிறார்கள். 'பாம்பு' என்ற முடிவு மட்டும்தான் தப்பு. திமிங்கலங்களையே பார்த்துப் பழகியவர்களுக்கும் இந்த வகைத் திமிங்கலம் இப்படி வாய் திறந்து மேய்கிற காட்சி அபூர்வம்.

அதனால் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 'ஏதோ மரக்கட்டையாக இருக்கும்' என்று சொல்லிவிட்டுப் போகிறவரும் பதில் சொல்லவில்லை. எந்தப் பொருள், எப்படி அந்த உருவம் கொடுத்தது, பார்த்தவர் சொன்ன விவரம் எல்லாம் அதில் அடங்குகிறதா என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் 'தெரியவில்லை' என்று விட்டுவிட வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆசிரியர்: அழிந்துபோனதாகச் சொன்ன சீலகாந்த் மீன் 1938-ல் உயிரோடு கிடைத்ததே. டைனோசார் காலத்து நீண்ட கழுத்துக் கடல் பிராணியான ப்ளீசியோசார் மட்டும் ஏன் மிச்சமிருக்கக் கூடாது?

சீலகாந்த் ஆழ்கடல் பாறைக் குகைகளில் வாழ்கிற மீன், மூச்சுக்கு மேலே வரவேண்டியதில்லை. கடைசியில் அதுவும் தென்னாப்பிரிக்காவில் வலையில் முழு உடம்பாகத்தான் வந்தது. ப்ளீசியோசார் காற்றை மூச்சிழுக்கிற ஊர்வன. நாள் முழுக்க மேலே வந்துபோக வேண்டும். ஒன்று இருந்தால் போதாது, தலைமுறை தலைமுறையாகக் கூட்டமே இருக்க வேண்டும். நெஸ் ஏரி இருக்கும் பள்ளத்தாக்கு சுமார் பத்தாயிரம் வருஷத்துக்கு முன்வரை பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தது. ஏரியிலுள்ள மொத்த மீனும் 20 டன் அளவுதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அதைத் தின்று எத்தனை ராட்சதங்கள் வாழும்?

2018-ல் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் கெமெல் குழு ஏரியின் பல ஆழங்களில் 250 தண்ணீர் மாதிரி எடுத்து, அதில் கலந்திருக்கிற டிஎன்ஏ அத்தனையையும் ஆராய்ந்தது. ஊர்வனவற்றின் டிஎன்ஏ கிடைக்கவில்லை. விலாங்கு மீனுடையது ஏராளம். உடனே 'ராட்சத விலாங்கு' என்று செய்தி போட்டார்கள். டிஎன்ஏவை வைத்து மீனின் நீளத்தைச் சொல்ல முடியாது.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: 1977-ல் ஜப்பான் மீன்பிடிக் கப்பலில் ப்ளீசியோசாரின் பிணமே சிக்கியது. படம் நெட்டில் இருக்கிறது. பிணமும் பார்வைப் பிழையா?

ஆமாம், பிணத்தைப் பார்த்தும் ஏமாறலாம். உயிரோடு இருப்பதைவிட அதிகமாகவே ஏமாறலாம்.

சூயோ மாரு என்ற அந்தக் கப்பல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பக்கம் வலை இழுத்தபோது பத்து மீட்டர் நீளத்தில், இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைந்த எடையில், அழுகிய உடல் ஒன்று வந்தது. சின்னத் தலை, நீண்ட கழுத்து, நாலு துடுப்பு. பிடித்து வைத்த மீன் கெட்டுவிடும் என்று கடலிலேயே தள்ளிவிட்டார்கள். நல்லவேளை, தள்ளும் முன் சில படங்களும் துடுப்பிலிருந்து கொஞ்சம் நாரும் எடுத்து வைத்தார்கள்.

பாஸ்கிங் சுறா என்று ஒன்று உண்டு, பெரிய வாயைத் திறந்துகொண்டு நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிற சாதுவான ராட்சதச் சுறா. அது செத்து அழுகும்போது என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். சுறாவுக்கு எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். பிடிப்பில்லாமல் தொங்குகிற தாடையும், கழுத்தைச் சுற்றியுள்ள பெரிய செவுள் அமைப்பும் முதலில் கழன்று விழும். மிஞ்சுவது சின்ன மண்டையும் பின்னால் வெறும் முதுகுத்தண்டும். அதுதான் 'தலையும் நீண்ட கழுத்தும்'. முதுகுத்தண்டு வாலின் மேல் மடலுக்குள் மட்டுமே போவதால் கீழ் மடல் உதிர்ந்து, பல்லி வால் கிடைத்துவிடும். துடுப்பின் நார்கள் பிரிந்து மயிராகத் தொங்கும். ஆண் சுறாவாக இருந்தால் இனப்பெருக்க உறுப்புகள் இரண்டும் கூடுதல் கால்களாகத் தெரியும். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்ஸி தீவில் 1808-ல் ஒதுங்கிய 'ஆறுகால் பிராணி'யின் கதையும் இதேதான். ஜப்பான்காரர்கள் எடுத்து வைத்த நாரைச் சோதித்ததில் அதன் அமினோ அமில விகிதம் பாஸ்கிங் சுறாவோடு ஒத்துப்போனது.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: கிராக்கன் என்ற கடல் ராட்சதம் உண்டு என்று மாலுமிகள் சொன்னதையும் விஞ்ஞானிகள் கட்டுக்கதை என்றுதான் சிரித்தார்கள். கடைசியில் ராட்சதக் கணவாய் இருந்ததே. விஞ்ஞானிகளுக்குத் தப்பே நேராதா?

தாராளமாக நேரும். 1817-ல் அமெரிக்காவின் க்ளாஸ்டர் துறைமுகத்தில் பலர் கடல்பாம்பைப் பார்த்தார்கள், சத்தியப் பிரமாணத்தோடு சாட்சியும் சொன்னார்கள். நியூ இங்கிலாந்து லின்னேயச் சங்கம் விசாரித்தது. அந்தச் சமயம் பக்கத்தில் முதுகில் முண்டுமுண்டாக இருந்த மூன்றடிப் பாம்பு ஒன்று அகப்பட, அதுதான் கடல்பாம்பின் குட்டி என்று முடிவுகட்டி லத்தீனில் பெயரும் வைத்தார்கள். அது முதுகு கோணலான சாதாரணக் கரும்பாம்பு. இங்கே ஆளை மாற்றிக் கண்டது விசாரித்த சங்கமேதான்.

கணவாய் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, மாலுமிகள் ஜெயித்தார்கள். ஆனால் எதனால் ஜெயித்தார்கள் பாருங்கள். ராட்சதக் கணவாயின் அலகு கரை ஒதுங்கியது, அதை வைத்து டென்மார்க்கின் ஸ்டீன்ஸ்ட்ரப் 1857-ல் அதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். 1861-ல் அலெக்டன் என்ற பிரெஞ்சுக் கப்பல் ஒன்றைக் கயிறு போட்டு இழுக்க, உடல் அறுந்து வால் பகுதி மட்டும் வந்தது. எண்ணெய்த் திமிங்கலங்களின் வயிற்றில் அலகுகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. 2004-ல் ஜப்பானியர்கள் அதை உயிரோடு ஆழ்கடலிலேயே படம் எடுத்தார்கள். நெஸ்ஸி என்று செல்லமாக அழைக்கிற நெஸ் ஏரி ராட்சதமோ ஓர் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

தூத்துக்குடியிலிருந்து ஒரு மீனவ இளைஞர்: ஓங்கல் கூட்டம் வரிசையாக முங்கி எழும்பிப் போகும்போது கரையில் நிற்கிறவர்கள் ஒரே பாம்பு என்று சத்தியம் பண்ணுவார்கள். நாங்கள் சிரிப்போம். ஆனால் எங்களுக்கே புரியாத ஒன்று என்றைக்காவது எதிர்ப்பட்டால் என்ன செய்வது?

டால்பினுக்கு உங்கள் பக்கத்துப் பெயரோடு எழுதியதற்கு நன்றி தம்பி. முதலில் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். செல்ஃபோனில் எடுத்தால் ஜூம் பண்ணிப் பிராணியை மட்டும் எடுக்காதீர்கள், அடிவானமோ உங்கள் படகின் ஓரமோ இன்னொரு படகோ சேர்ந்து விழட்டும், அது இருந்தால்தான் அளவு கணிக்க முடியும். அது கண்ணுக்கு மறையும்வரை நிறுத்தாமல் எடுங்கள், கடைசி சில வினாடிகளில்தான் பெரும்பாலும் துடுப்போ வாலோ தெரியும். படகில் நாலு பேர் இருந்தால் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதற்கு முன் ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக வரையுங்கள். பேசிவிட்டால் நாலு படமும் ஒன்றாகிவிடும். செத்த உடல் வலையில் வந்தால் முழுசாகத் தள்ளிவிடாமல், துடுப்பின் ஓரத்தில் விரலளவு துண்டு வெட்டி உப்பிலோ ஐஸிலோ போட்டு, தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். படத்தின் ஒரு பிரதியை எனக்கும் அனுப்புங்கள்.