போர்டு மாத்த வேண்டாம், முதல்ல பயாஸ்ல பாருங்க

அண்ணா, பாலக்கோடு ஜெராக்ஸ் கடையில இருக்கிற ஐ5 8400 சிப் கம்ப்யூட்டர்ல டிபிஎம் (ரகசியச் சாவிகளைக் காக்கிற பாதுகாப்புப் பகுதி) இல்ல, விண்டோஸ் 11 போட புது மதர்போர்டு வாங்கணும்னு தர்மபுரியில சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு காசு கொடுத்துடாதீங்க. 2021 அக்டோபர்ல விண்டோஸ் 11 வந்தப்பவே உங்களோடது மாதிரி எட்டாம் தலைமுறை இன்டெல் சிப்புகளை மைக்ரோசாஃப்ட் ஏத்துக்கிச்சு. டிபிஎம் தனி சில்லாத்தான் இருக்கணும்னு கிடையாது. உங்க சிப்போட வர்ற போர்டுகள்ல பிடிடி (PTT)ங்கிற பேர்ல அது உள்ளேயே இருக்கும்; பல போர்டுகள்ல அணைச்சு வெச்சிருப்பாங்க, அவ்வளவுதான். பயாஸுக்குள்ள, அதாவது விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ள போய், செக்யூரிட்டி இல்லன்னா அட்வான்ஸ்டு பகுதியில தேடி அதை ஆன் பண்ணுங்க.

கவனம் வேண்டியது அடுத்த படியில. செக்யூர் பூட்டுக்காக (நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற விடுற வசதி) அவசரப்பட்டு, கம்ப்யூட்டரைத் தொடங்குற பழைய லெகசி முறையை அணைச்சிடாதீங்க. டிஸ்க் எம்பிஆர்ங்கிற பழைய பிரிப்பு வகையா இருந்தா விண்டோஸே ஏறாது. முதல்ல எல்லாத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுங்க. அப்புறம் விண்டோஸோடவே வர்ற எம்பிஆர்2ஜிபிடி கருவியால அதே டிஸ்க்கை ஜிபிடிங்கிற புது வகைக்கு மாத்திட்டு, யுஇஎஃப்ஐங்கிற புது தொடக்க முறைக்குப் போங்க.

விண்டோஸ் 11 செய்யுற தகுதிச் சோதனையைத் தாண்டி போட்டுத் தர்றேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. அப்படிப் போட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உறுதி தரல. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச அப்டேட்டும் 2025 அக்டோபர் 14ஓட நின்னுபோச்சு. ஊர் ஜனங்க ஆதார், பட்டா நகலெல்லாம் உங்களை நம்பித்தான் பென் டிரைவ்ல தர்றாங்க; அப்டேட் இல்லாத கம்ப்யூட்டர்ல அதுக்கு ஆபத்து.

பிடிடி எங்க இருக்குன்னு தெரியலன்னா போர்டு மாடலை எழுதுங்க, சொல்றேன்.