2022 மே மாதக் கடைசியில் ஒரு குடும்பம் கேட்ட கேள்வியும் அப்போது தந்த பதிலும் இவை; விதிகளும் கட்டணங்களும் அன்றைய நிலவரம், பல பிறகு மாறிவிட்டன. கொரோனா கட்டுப்பாடுகள் தளர்ந்துவிட்டன. செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போக நினைக்கிறோம். கணவன், மனைவி, 65 வயது அம்மா, 13 வயது மகன், 10 வயது மகள். இப்போதே டிக்கெட் போடலாமா, என்னென்ன பார்க்க வேண்டும்?

டிக்கெட் போடலாம். ஆனால் முதலில் கணக்குப் போட வேண்டியது திரும்பி வரும் நாளை. சிங்கப்பூருக்குள் நுழைவது இப்போது பெரும்பாலானவர்களுக்கு எளிது. உங்கள் குடும்பத்தில் சிக்கல் இரண்டு பிள்ளைகளிடம்தான். மகனுக்குப் போகும்போது, மகளுக்குத் திரும்பும்போது. நான் சொல்வதெல்லாம் 2022 மே மாதக் கடைசி நிலவரம்.

ஏப்ரல் 26 முதல், முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்கள் சிங்கப்பூர் போகக் கிளம்புமுன் எந்தப் பரிசோதனையும் செய்ய வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகாலப் பட்டியலில் உள்ள தடுப்பூசியாக இருக்க வேண்டும், கடைசி டோஸ் போட்டு இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டும் அந்தப் பட்டியலில் இருப்பதால் பெரியவர்கள் மூவருக்கும் கவலையில்லை. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தடுப்பூசி போடாவிட்டாலும், போட்டுக்கொண்ட பெரியவருடன் சேர்ந்து போகலாம். மகள் இதில் அடங்கிவிடுவாள்.

மகன் அடங்க மாட்டான். மார்ச் 16 முதல் நம் ஊரில் 12 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்குப் போடப்படுவது கோர்பிவேக்ஸ். அது உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் இல்லை. இரண்டு டோஸும் போட்டு, அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் தந்த சான்றிதழும் கையில் இருந்தாலும், சிங்கப்பூர் கணக்கில் அவன் தடுப்பூசி போடாதவன். 13 வயதும் அதற்கு மேலும் உள்ள, தடுப்பூசி முழுமையாகாத சுற்றுலாப் பயணிகளை, தனி அனுமதி இல்லாவிட்டால், இப்போதைக்கு அவர்கள் உள்ளே விடுவதில்லை. 15 வயதுப் பிள்ளை என்றால் கோவாக்சின் போட்டிருப்பான், பிரச்சினையே இருந்திருக்காது. இந்த இரண்டு வயது இடைவெளியில் மாட்டிய பிள்ளைகள் ஏராளம். பல டிராவல் ஏஜென்ட்களுக்கே இது தெரிவதில்லை. ‘ரெண்டு டோஸ் போட்டாச்சா? அப்போ ஓகே’ என்று சொல்லிவிடுவார்கள்.

நான்கு மாதத்தில் இந்த விதி தளரலாம். தளரும் என்று நம்பி, பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள். மகனுக்கான விதி தெளிவாகும் வரை விசா கட்டணமும் கட்ட வேண்டாம். மாற்று இடம் வேண்டுமென்றால் தாய்லாந்தைப் பார்க்கலாம். அங்கே தடுப்பூசி இல்லாதவரும் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ் அறிக்கை இருந்தால் நுழையலாம். ஆனால் தாய்லாந்து பாஸ் என்ற ஆன்லைன் பதிவும், ஆளுக்குக் குறைந்தது 10,000 டாலர் மருத்துவக் காப்பீடும் இன்னும் கட்டாயம்.

இனி திரும்பி வருவது. இந்தியாவுக்கு விமானம் ஏறும் ஒவ்வொருவரும் நம் அரசின் ஏர் சுவிதா தளத்தில் சுய அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும். அதோடு தடுப்பூசிச் சான்றிதழையோ, கிளம்புவதற்கு 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ் அறிக்கையையோ பதிவேற்ற வேண்டும். பரிசோதனையிலிருந்து விலக்கு 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மட்டும். உங்கள் மகளுக்கு 10 வயது. அந்த வயதுக்கு இங்கே தடுப்பூசியே போடுவதில்லை, ஆகவே சான்றிதழும் இருக்காது. போகும்போது தேவைப்படாத ஆர்டி-பிசிஆர், சொந்த ஊருக்குத் திரும்பும்போது அவள் ஒருத்திக்கு மட்டும் தேவைப்படும். மகனுக்கு இங்கே சிக்கல் இல்லை, கோர்பிவேக்ஸ் சான்றிதழை நம் அரசு ஏற்கும்.

சிங்கப்பூரில் ஏஆர்டி எனப்படும் ஆன்டிஜென் பரிசோதனை மலிவு, மருந்துக்கடையிலேயே கிட் கிடைக்கும். இந்தியாவுக்கு அது செல்லாது. ஆர்டி-பிசிஆர் செய்யும் கிளினிக்கை ஆன்லைனில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். திரும்பும் விமானம் ஞாயிறு இரவு 10 மணிக்கு என்றால் 72 மணி நேரம் வியாழன் இரவு 10 மணிக்குத் தொடங்குகிறது. வியாழன் மாலையே எடுத்துவிடலாம் என்று போனால் சில மணி நேர வித்தியாசத்தில் அறிக்கை செல்லாததாகிவிடும். சனிக்கிழமை மாலைக்குத் தள்ளினால் முடிவு வரத் தாமதமாகி விமானம் போய்விடும். வெள்ளி காலை எடுங்கள். அறிக்கையில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கின்றனவா, மாதிரி எடுத்த நேரம் அச்சாகியிருக்கிறதா என்று வாங்கியவுடனே பாருங்கள். 72 மணி நேரம் எண்ணப்படுவது மாதிரி எடுத்த நேரத்திலிருந்துதான், அறிக்கை வந்த நேரத்திலிருந்து அல்ல.

இதில் இன்னொரு ஆபத்து உண்டு. தொற்று வந்து குணமான பிள்ளைக்கும் சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட, ஆர்டி-பிசிஆரில் பாசிட்டிவ் காட்டலாம். மூக்கில் மிஞ்சியிருக்கும் வைரஸ் துணுக்குகளைக்கூட அந்தப் பரிசோதனை பிடித்துவிடும். எனவே, சிங்கப்பூர் கேட்காவிட்டாலும், கிளம்புவதற்கு நான்கைந்து நாள் முன்பு மகளுக்குச் சென்னையில் ஒரு ஆர்டி-பிசிஆர் எடுத்துவிடுங்கள். வீட்டிலேயே பாசிட்டிவ் வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடலாம். அங்கே போன பிறகு பாசிட்டிவ் வந்தால் ஓட்டல் அறையில் உட்கார வேண்டியதுதான்.

அப்படி உட்கார நேர்ந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே பேசி முடிவெடுங்கள். லேசான பாதிப்பு என்றால் சிங்கப்பூரில் குறைந்தது 72 மணி நேரம் தனிமையில் இருந்து, பிறகு ஏஆர்டி நெகட்டிவ் வர வேண்டும். ஆனால் உங்கள் மகளுக்கு அது மட்டும் போதாது, விமானம் ஏற ஆர்டி-பிசிஆரும் நெகட்டிவ் ஆக வேண்டும். ஒரு வாரம் கூடுதலாகத் தங்கும் செலவைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். மகளுடன் யார் தங்குவது, அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு யார் ஊர் திரும்புவது என்பதும் முடிவாகியிருக்கட்டும். ஐந்து பேரும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால், மாற்றம் செய்யுமுன் அதைப் பிரித்துத் தரச் சொல்லி விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டும். பிரிக்காமல் தேதி மாற்றினால் ஐந்து பேருக்கும் மாறிவிடும்.

டிக்கெட்டில் ‘தேதி மாற்றக் கட்டணம் இல்லை’ என்று இருந்தாலும் கட்டண வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். கடைசி நேரத்தில் அந்த வித்தியாசமே டிக்கெட் விலையைத் தொட்டுவிடும். ரத்து செய்தால் பணமாக வருமா, அந்த நிறுவனத்திலேயே பயன்படுத்தும் கிரெடிட்டாக வருமா என்பதையும் படியுங்கள். 2020-ல் அப்படிக் கிரெடிட்டாக மாட்டிய பணத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இந்தப் பயணத்துக்கு மட்டுமாவது விமான நிறுவனத்தின் தளத்திலேயே நேரடியாக வாங்குங்கள். இடைத்தரகுத் தளத்தில் வாங்கினால் மாற்றம், பணம் திரும்புதல் எல்லாம் அவர்கள் வழியாகத்தான் நடக்கும். நேரடி விமானமே வாங்குங்கள், நான்கு மணி நேரப் பயணம்தான். இடையில் ஒரு நாட்டில் மாறிப் போனால் அந்த நாட்டின் டிரான்சிட் விதியும் சேர்ந்துகொள்ளும். தனித்தனி டிக்கெட்டாக வாங்கி, பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தால் அங்கே விசாவே தேவைப்படலாம். மார்ச் 27-ல்தான் வழக்கமான சர்வதேச சேவை மீண்டும் தொடங்கியிருக்கிறது, அட்டவணைகள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன. வாரம் ஒரு முறை பிஎன்ஆரைத் திறந்து நேரம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

தேதியில் ஒரு எச்சரிக்கை. இரண்டு ஆண்டுகள் ரத்தான பார்முலா 1 இரவுப் பந்தயம் இந்த ஆண்டு செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 2 வரை மெரினா பே பகுதியில் நடக்கிறது. சாலைகள் அடைபடும், ஓட்டல் வாடகை எகிறும். பள்ளி விடுமுறை அனுமதித்தால் அந்த மூன்று நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். பயணத் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்குத்தான். இரண்டு ஆண்டுகள் யாரும் எங்கும் போகாததால், காலாவதியானதே தெரியாமல் பீரோவில் கிடப்பது சகஜம். சிறுவர்களுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500, தட்கல் என்றால் கூடுதலாக 2,000. முகவரி மாறியிருந்தால் போலீஸ் சரிபார்ப்பில் இழுக்கும். அதனால் ஜூனிலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது பெயர், நம் ஊருக்கே உரிய தலைவலி. கோவினில் ஆதார் கொடுத்துப் பதிந்திருப்பீர்கள், அதில் ‘எஸ். முருகன்’ என்று இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும். கோவின் தளத்தில் ‘ரெய்ஸ் ஆன் இஷ்யூ’ பகுதிக்குப் போய் முதலில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி திருத்துங்கள், அதன் பிறகு பாஸ்போர்ட் எண்ணைச் சேருங்கள். திருத்த ஒரு முறைதான் வாய்ப்பு என்று நினைத்து, எழுத்துக்கு எழுத்து சரிபார்த்த பிறகே சமர்ப்பியுங்கள். முழுப் பிறந்த தேதி வரும் வெளிநாட்டுப் பயணச் சான்றிதழைப் பிடிஎஃப்பாக இறக்கி, கியூஆர் குறியீடு தெளிவாகத் தெரியும்படி அச்சும் எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பவர்கள் டிக்கெட்டில் அந்த இடத்தை எப்படி நிரப்புவது என்பதை விமான நிறுவனத்திடம் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி சொல்லும்.

விசாவில் பெரிய சிரமம் இல்லை. சிங்கப்பூர்த் தூதரகம் அங்கீகரித்த ஏஜென்ட் வழியாக 14ஏ படிவம், வெள்ளைப் பின்னணியில் 35-க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், பாஸ்போர்ட் நகல் கொடுக்க வேண்டும். கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், இன்றைய மதிப்பில் சுமார் 1,700 ரூபாய். ஏஜென்ட் தன் சேவைக் கட்டணத்தை மேலே போடுவார். சாதாரணமாக மூன்று வேலை நாளில் வந்துவிடும். சிங்கப்பூரை ஒட்டியுள்ள மலேசிய நகரமான ஜொகூர் பாருவுக்கு ஒரு நாள் போய்வரும் ஆசை இருந்தால் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். மலேசியாவுக்குத் தனி விசா வேண்டும், திரும்பி சிங்கப்பூருக்குள் வர இன்னொரு வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்த அலைச்சல் இந்த முறை வேண்டாம் என்பது என் கருத்து.

அந்த வருகை அட்டைதான் எஸ்ஜி அரைவல் கார்டு. சிங்கப்பூர் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள், குடிநுழைவுத் துறையான ஐசிஏ-வின் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். தேடுபொறியில் முதலில் வரும் சில தளங்கள் இதற்குப் பணம் கேட்கும், அவை அரசுத் தளங்கள் அல்ல. மின்னஞ்சல் முகவரியைத் தவறில்லாமல் கொடுங்கள். இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, எத்தனை நாள் தங்கலாம் என்ற இ-பாஸ் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும்.

காப்பீட்டை, தடுப்பூசி போட்டவர்களுக்குக் கட்டாயமில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான வீட்டு மெடிக்ளெய்ம்கள் இந்தியாவைத் தாண்டாது. பாலிசியில் பார்க்க வேண்டியது கொரோனா மருத்துவமனைச் செலவு மட்டுமல்ல, தனிமைப்படுத்தலில் ஓட்டல் செலவு உண்டா, பாசிட்டிவால் பயணம் ரத்தானால் பணம் வருமா என்பதும்தான். பல பாலிசிகளில் முதலாவது இருக்கும், மற்ற இரண்டும் இருக்காது. அம்மாவுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கிளெய்ம் கொடுக்கும் நேரத்தில் மறுத்துவிடுவார்கள். பயண நாட்களுக்கு மேல் ஏழு நாள் கூட்டி, இந்தியாவை விட்டுக் கிளம்புமுன் எடுங்கள். அம்மாவின் மாத்திரைகளையும் அதே கணக்கில் கூடுதலாக, மருத்துவர் சீட்டோடு கொண்டு போங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் தூக்க மாத்திரையும் அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை, முன்அனுமதி தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டூர் பேக்கேஜாக வாங்கினால் 5 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். பான் எண் கொடுங்கள், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பான் இல்லாவிட்டால் 10 சதவீதம்.

விதிகளை நான்கு முறை பாருங்கள்: டிக்கெட் வாங்குமுன், விசாவுக்குமுன், கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, கடைசி 72 மணி நேரத்தில். ஐசிஏ தளத்தையும் நம் சுகாதார அமைச்சக வழிகாட்டுதலையும் மட்டும் நம்புங்கள். விமான நிலையத்தில் உங்களை முதலில் நிறுத்தப் போவது செக்-இன் கவுண்டரில் இருப்பவர். டைமேட்டிக் என்ற தரவுத்தளத்தில் உங்கள் நாடு, போகும் நாடு, தடுப்பூசி விவரம் போட்டு, திரையில் வருவதை வைத்துத்தான் அவர் முடிவெடுப்பார். போன மாதம் போய் வந்த உறவினரின் அனுபவம் அங்கே எடுபடாது.

ஏர் சுவிதா படிவத்தை மகளின் அறிக்கை வந்த பிறகு ஓட்டலில் உட்கார்ந்து நிதானமாக நிரப்புங்கள். கவுண்டர் வரிசையில் நின்று நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் கோப்பு அளவில்தான் சிக்குவார்கள். பிடிஎஃப் ஒரு எம்பிக்குள் இருக்க வேண்டும். ஐந்து பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், நான்கு தடுப்பூசிச் சான்றிதழ் ஆகியவற்றைச் சென்னையிலேயே சுருக்கி, ஆளுக்கொரு பெயரில் போனில் போட்டு வைத்தால், அங்கே சேர்க்க வேண்டியது மகளின் அறிக்கை ஒன்றுதான்.