தி கிளாஷ் முதல் ஆல்பம்: பிரிட்டிஷ் பதிப்பா, அமெரிக்கப் பதிப்பா?

லண்டன் பங்க் ராக் குழுவான தி கிளாஷின் முதல் ஆல்பத்தைத் தேடினால் இரண்டு விதமான பாடல் பட்டியல்கள் வருகின்றன, பீட்டில்ஸ், கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஆல்பங்களிலும் இதே குழப்பம், இரண்டில் எதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரிட்டிஷ் பதிப்புதான் அசல், மற்றதைத் தொடவே கூடாது என்று சாதிப்பவர்கள் இசைத்தட்டு ரசிகர்களில் நிறையப் பேர். எனக்கு அந்த ஆசாரம் ஒத்துவராது. அமெரிக்கப் பதிப்புக்காகப் பாடல்களை யார் வெட்டினார்கள், எதற்காக வெட்டினார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன்.

வெட்டியதற்கு முதல் காரணம் காசு. 1960களில் அமெரிக்காவில் பாடல் எழுதியவர்களுக்கான ராயல்டி பாடல் கணக்கில் போனது. ஒரு தட்டு விற்றால் அதிலுள்ள ஒவ்வொரு பாடலுக்கும் 2 சென்ட். பிரிட்டனில் தட்டின் சில்லறை விலையில் 6.25 சதவீதத்தை எடுத்து எல்லாப் பாடல்களுக்கும் பிரித்தார்கள். அங்கே 14 பாடல்கள் போட்டாலும் நிறுவனத்துக்குச் செலவு ஏறாது, அமெரிக்காவில் ஏறும். அதனால் அட்லாண்டிக்கைத் தாண்டியதும் 14 பாடல்கள் 11 ஆகவோ 12 ஆகவோ குறைந்தன. மிச்சப்படுத்திய பாடல்களோடு, தனிப் பாட்டாக விற்ற சில சிங்கிள்களைச் சேர்த்தால் இன்னொரு ஆல்பம் தயார். சிங்கிளாக வாங்கிய பாட்டையே ஆல்பத்திலும் விற்பது ரசிகர்களை ஏய்ப்பது என்ற எண்ணம் பிரிட்டனில் இருந்தது. அமெரிக்க விற்பனையாளர்களுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

இந்தக் கத்தரிக்கோலுக்கு அதிகம் பலியானது பீட்டில்ஸின் 'ரிவால்வர்'. 1966 ஆகஸ்டில் வந்த பிரிட்டிஷ் பதிப்பில் 14 பாடல்கள். அமெரிக்காவில் கேபிடல் நிறுவனம் வெளியிட்டது 11. காணாமல் போன மூன்றும் குழுவின் ஜான் லெனன் பாடியவை. அவற்றை இரண்டு மாதம் முன்பே 'யெஸ்டர்டே அண்ட் டுடே' என்ற ஒட்டுப்போட்ட ஆல்பத்துக்காக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். விளைவு, அமெரிக்க 'ரிவால்வ'ரில் லெனன் முன்னின்று பாடுவது இரண்டே பாட்டு, குழுவின் கிடார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனுக்கு மூன்று! லெனன் அந்த வருடம் சோம்பலாக இருந்தார் என்று ஒரு அமெரிக்க ரசிகர் நினைத்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இதில் பிரிட்டிஷ் பதிப்பைத் தவிர வேறு பேச்சே இல்லை.

பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' வேறு விவகாரம். அமெரிக்கப் பதிப்பில் நான்கு பாடல்களை எடுத்துவிட்டு, 'ஹெல்ப்!' பிரிட்டிஷ் பதிப்பிலிருந்து இரண்டைச் சேர்த்தார்கள். 'டிரைவ் மை கா'ரின் உறுமலுக்குப் பதில் 'ஐவ் ஜஸ்ட் சீன் எ ஃபேஸ்' பாடலின் கிடாரோடு தொடங்குவதால் முழு ஆல்பமும் நாட்டுப்புறப் பாடல் சாயலுக்குத் திரும்பிவிட்டது. அமெரிக்கக் குழுவான பீச் பாய்ஸின் பிரையன் வில்சன் கேட்டு மயங்கியது இந்தப் பதிப்பைத்தான். அந்த மயக்கத்தில்தான் அவர்களுடைய 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பம் பிறந்தது. கணக்குப்பிள்ளை வேலை ஒரு முறை கலையாகவும் ஆகியிருக்கிறது.

இனி கிளாஷ். 1977 ஏப்ரலில் பிரிட்டனில் 14 பாடல்களோடு வந்த ஆல்பத்தை, ஒலி கரடுமுரடாக இருக்கிறது, வானொலிக்கு ஆகாது என்று அவர்களுடைய நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை ஒதுக்கிவைத்தது. ரசிகர்கள் விடவில்லை. இறக்குமதிப் பிரதிகளே அங்கே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். கடைசியில் 1979 ஜூலையில், இரண்டாவது ஆல்பம் வந்த பிறகு, முதல் ஆல்பம் அங்கே வெளியானது. 'டினை', 'சீட்', 'ப்ரோடெக்ஸ் ப்ளூ', '48 அவர்ஸ்' நான்கும் போய், இடையில் வந்த சிங்கிள்களிலிருந்தும் ஒரு சிறு தட்டிலிருந்தும் ஐந்து பாடல்கள் உள்ளே வந்தன. 'ஒயிட் ரயட்'டும் மாறியது: பிரிட்டிஷ் ஆல்பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற கத்தலோடு ஆரம்பிக்கும், அமெரிக்க ஆல்பத்தில் போலீஸ் சைரனோடு தொடங்கும் சிங்கிள் பதிவு.

பாட்டுக்குப் பாட்டு தராசில் வைத்தால் அமெரிக்கத் தட்டே கனக்கும். 'கம்ப்ளீட் கன்ட்ரோல்', 'ஒயிட் மேன் இன் ஹாமர்ஸ்மித் பாலே' இரண்டுக்கும் ஈடாக, வெளியேறிய நான்கில் ஒன்றுகூட இல்லை. ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தங்களைக் கேட்காமல் 'ரிமோட் கன்ட்ரோ'லை நிறுவனம் சிங்கிளாக வெளியிட்டதற்கு எதிராகக் குழு எழுதிய கோபப் பாட்டுதான் 'கம்ப்ளீட் கன்ட்ரோல்'. அமெரிக்கப் பதிப்பில் மூன்றாவது பாட்டு 'ரிமோட் கன்ட்ரோல்', நான்காவது 'கம்ப்ளீட் கன்ட்ரோல்'. குற்றமும் புகார் மனுவும் அடுத்தடுத்து!

இருந்தும் முதலில் பிரிட்டிஷ் பதிப்பைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்'. ஜூனியர் மர்வின் பாடிய ஜமைக்கா ரெகே பாட்டு அது. பிரிட்டிஷ் தட்டில் அதற்கு முன்னால் 11 பாடல்கள், மூச்சு வாங்கவிடாத ஓட்டம். பன்னிரண்டாவதாகத் திடீரென்று வேகம் இறங்கி, ஆறு நிமிட ரெகே வருகிறது. லண்டனின் வெள்ளைக்காரப் பையன்கள் வேறு என்ன கேட்டு வளர்ந்தார்கள் என்பது அந்த இடத்தில்தான் தெரியும். அமெரிக்கப் பதிப்பில் ரெகே தாளத்தில் நடக்கும் 'ஒயிட் மேன்' ஆறாவது பாட்டாகவே வந்து இந்த ஆச்சரியத்தைக் கெடுத்துவிடுகிறது. அதோடு இரண்டு வருட இடைவெளியில் பதிவான பாடல்கள் கலந்திருப்பதால் டிரம்ஸ் ஒலியே மாறி மாறிக் கேட்கும். ஆல்பத்தில் வாசித்தவர் டெரி சைம்ஸ். பின்னால் சேர்ந்த ஐந்தில் டாப்பர் ஹெடன், பல மடங்கு தேர்ந்த கை.

ஹென்ட்ரிக்ஸின் 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்' (1967) ஆல்பத்துக்கு மட்டும் தயங்காமல் அமெரிக்கப் பதிப்பு என்பேன். 'பர்ப்பிள் ஹேஸ்', 'ஹே ஜோ', 'தி விண்ட் க்ரைஸ் மேரி' மூன்றும் பிரிட்டிஷ் தட்டில் இல்லை. பதிலுக்கு 'ரெட் ஹவுஸ்' என்ற ப்ளூஸ் பாட்டை இழக்க வேண்டும். ப்ளூஸ் பிரியர்கள் அதைத் தனியாகத் தேடிக் கேட்டுக்கொள்ளலாம்.

பழைய தட்டாக கிளாஷை வாங்குவதானால் அட்டையை நம்பாதீர்கள். இரண்டிலும் அதே மூன்று பேர், அதே சந்து. தட்டின் நடுவில் உள்ள லேபிளைப் பாருங்கள். முதல் பக்கத்தின் முதல் பாட்டு 'ஜேனி ஜோன்ஸ்' என்றால் பிரிட்டிஷ், 'கிளாஷ் சிட்டி ராக்கர்ஸ்' என்றால் அமெரிக்கன். அமெரிக்கப் பதிப்பின் ஆரம்பப் பிரதிகளோடு 'க்ரூவி டைம்ஸ்', 'கேட்ஸ் ஆஃப் தி வெஸ்ட்' அடங்கிய ஒரு சிறு தட்டும் இலவசமாக வந்தது. அது உள்ளே இல்லாமல் கடைக்காரர் முதல் பிரதி விலை சொன்னால் தயங்காமல் பேரம் பேசுங்கள்.