சென்னையில் தனியார் எஃப்எம் வந்த கதை: கேள்வி பதில்

முதல் தனியார் எஃப்எம் சென்னைக்கு 2003இல்தான் வந்தது என்கிறார்கள். அதற்கு முன்பே தனியார் நிகழ்ச்சிகளை எஃப்எம்மில் கேட்ட ஞாபகம் இருக்கிறதே, சார்? (பெரம்பூர்)

ஞாபகம் சரிதான். அப்போது நிலையம் அரசுடையது, நேரம் மட்டும் தனியாருடையது. நாட்டின் முதல் எஃப்எம் ஒலிபரப்பே சென்னையில்தான் தொடங்கியது, 1977 ஜூலை 23 அன்று, சோதனை முயற்சியாக. 1993இல் ஆகாசவாணி எஃப்எம் நேரத்தைத் துண்டு போட்டுத் தனியாருக்கு விற்கத் தொடங்கியது. சென்னைக்கும் அது வந்தது. 1998இல் நிறுத்திவிட்டார்கள். சொந்த அலைவரிசையோடு சூரியன் 93.5, மிர்ச்சி 98.3 இரண்டும் வந்ததுதான் 2003.

தனியாருக்கு எஃப்எம் அலைவரிசை கொடுக்கும் ஏலம் 2000இலேயே முடிந்துவிட்டதே, பிறகு ஏன் இத்தனை குறைவான நிலையங்கள்? (தாம்பரம்)

உரிமக் கட்டணம்தான் காரணம். 40 நகரங்களில் 108 அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன. கடைசியில் ஓடியவை 21. ஏலத்தில் கேட்ட தொகையை வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுதோறும் கட்ட வேண்டும், அதுவும் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் ஆண்டு 100 ரூபாய் என்றால் ஐந்தாம் ஆண்டு 175, பத்தாம் ஆண்டு 352. உள்ளூர் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரத்தை நம்பி நடக்கும் தொழில் இதைத் தாங்காது. பலர் ஏலம் எடுத்தும் பின்வாங்கினார்கள்.

இதை ஆராய அரசு அமைத்த அமித் மித்ரா குழுவின் பரிந்துரையை ஒட்டி 2005இல் விதி மாறியது. நுழைவுக் கட்டணம் ஒரே முறை. பிறகு ஆண்டுதோறும் மொத்த வருவாயில் 4 சதவீதம். (இதற்கும் ஒரு குறைந்தபட்ச வரம்பு உண்டு, அதைப் பலர் சொல்ல மறக்கிறார்கள்.) ரேடியோ சிட்டி 91.1, ஆஹா 91.9, பிக் 92.7, ஹலோ 106.4 எல்லாம் 2006 ஏலத்துக்குப் பிறகு வந்தவை. சென்னை எஃப்எம் வரலாற்றில் 2003ஐ விட 2006ஆம் ஆண்டே பெரிய திருப்பம் என்பேன்.

இந்த அலைவரிசை எண்களில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா? (அம்பத்தூர்)

இருக்கிறது. 91.1, 91.9, 92.7, 93.5, 94.3: ஒவ்வொன்றுக்கும் இடையே 0.8 மெகாஹெர்ட்ஸ். ஒரே ஊரில் இதைவிட நெருக்கினால் சாதாரண ரேடியோவில் பக்கத்து நிலையம் கலந்து கேட்கலாம்.

எந்த நிலையத்தைத் திருப்பினாலும் சினிமாப் பாட்டுத்தானே, ஏன்? (மயிலாப்பூர்)

முதல் காரணம் செய்தித் தடை. தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது. 2011 கொள்கைக்குப் பிறகும் ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு சொல்லலாம். அடுத்தது, 2005 விதிப்படி ஒரு ஊரில் ஒரு நிறுவனத்துக்கு ஒரே அலைவரிசைதான் இருந்தது; 2011 கொள்கையில்தான் இது தளர்ந்தது. கர்நாடக இசைக்கென்று இரண்டாவதாக ஒன்றை நடத்த வழியில்லாதபோது, இருந்த ஒன்றில் அதிகம் பேர் கேட்பதைத்தான் போட்டார்கள். நகரம் வெள்ளத்தில் கிடக்கும் நாளிலும் உள்ளூர் நிலையத்தைச் சொந்தச் செய்தி சொல்லவிடாமல் கட்டிப்போடுவது அந்தச் செய்தித் தடை. நீக்கியே ஆக வேண்டும்.

செங்கல்பட்டில் இரைச்சலாகக் கேட்கிறது. என்ன செய்யலாம்? (செங்கல்பட்டு)

எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். கோபுர உயரம், உங்கள் ஆன்டெனா உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். கோபுரம் 100 மீட்டர், மாடி ஆன்டெனா 4 மீட்டர் என்றால் சுமார் 49 கி.மீ. ஆன்டெனாவை 9 மீட்டருக்கு உயர்த்தினால் சுமார் 54 கி.மீ.

அதற்கு முன் ரேடியோவை மோனோவுக்கு மாற்றிப் பாருங்கள். ஸ்டீரியோவுக்குக் கூடுதல் சிக்னல் வேண்டும், பாதி இரைச்சல் அதனால்தான். செல்போனில் கேட்பவர்களுக்கு இயர்போன் வயரே ஆன்டெனா. 93.5க்குக் கால் அலைநீளம் சுமார் 80 செ.மீ. வயரைச் சுருட்டிச் சட்டைப்பையில் போடாமல் நீட்டித் தொங்கவிடுங்கள்.