சம்பந்தி வீட்டில் கூசா குடைவது எப்படி?

கேள்வி: என் மகன் கனடாவில் லெபனான் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அடுத்த மாதம் பெய்ரூட்டில் சம்பந்தி வீட்டில் ஒரு வாரம் தங்கப் போகிறோம். எனக்கு அரபு தெரியாது, சம்பந்தியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் அங்கே நாலு வருடம் குடியிருந்ததாக எழுதியிருந்தீர்கள். எப்படிப் பழகுவது? நான் சைவம் வேறு. (வாசகி, கும்பகோணம்)

பதில்: முதல் நாள் ஹாலில்தான் உட்கார வைப்பார்கள். சின்னக் கோப்பையில் கறுப்புக் காபி வரும். இரண்டாம் நாளே அடுப்படிக்குள் புகுந்துவிடுங்கள். விருந்தாளி வேலை செய்வதா என்று தடுப்பார்கள். புரியாத மாதிரி நில்லுங்கள். மொழி தெரியாததில் இது ஒரு வசதி.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது கீழ் வீட்டுப் பாட்டி. அங்கே பாட்டியைத் 'தேத்தா' என்பார்கள். எனக்கு அப்போது அரபில் நாற்பது சொல் தெரிந்திருந்தால் அதிகம். ஒரு சனிக்கிழமை என் முன்னால் ஒரு கூடை கூசாவைக் கொண்டுவந்து வைத்தார். வெளிர்பச்சையில் இருக்கும் குட்டிச் சுக்கினிதான் கூசா. காம்பை நறுக்கி, நீளமான குழிந்த தகட்டை உள்ளே விட்டுத் திருகித் திருகிச் சதையை எடுக்க வேண்டும். பிறகு அரிசியும் கொத்துக்கறியும் அடைத்துத் தக்காளிச் சாற்றில் வேகவைப்பார்கள். சுவர் எவ்வளவு மெல்லிசாகிறதோ அவ்வளவு மரியாதை. ஆனால் அடி ஓட்டையாகிவிடக் கூடாது.

நான் முதல் ஆறில் நாலைப் பொத்தலாக்கினேன். தேத்தா திட்டவில்லை. ஒரு பொத்தல் கூசாவை எடுத்துக் கண்ணில் வைத்துத் தொலைநோக்கி மாதிரி என்னைப் பார்த்தார். மருமகளும் பேத்தியும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். மூன்று பேரும் மூன்று கூசா வழியாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் தகடும் கையுமாக நிற்கிறேன். நாலு பொத்தலும் அன்றைக்கு என் தட்டுக்கே வந்தன. மறுநாளிலிருந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போகும் வேலை எனக்கு இல்லை.

பழிவாங்கவும் ஒரு வாய்ப்பு வரும். 'ப்ரீக்' என்று மூக்கு வைத்த கண்ணாடிக் கூஜா ஒன்று இருக்கும். அதைத் தூக்கிப் பிடித்து, உதடு படாமல் தண்ணீர் குடிக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் சட்டையெல்லாம் நனைத்துக்கொள்வதைப் பார்ப்பது அங்கே ஒரு பொழுதுபோக்கு. தேத்தா என்னிடம் அதை நீட்டியபோது பேத்தி துண்டோடு தயாராக நின்றாள். செம்பை அண்ணாந்து குடித்து வளர்ந்தவளிடமா! ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தேத்தா பால்கனிக்குப் போய் எதிர் வீட்டுக்காரரைச் சத்தம் போட்டு வரவழைத்து, என்னை இன்னொரு தடவை குடிக்க வைத்தார். நீங்கள் போவதற்கு முன் ஒரு வாரம் பழகிக்கொள்ளுங்கள்.

சைவத்துக்குக் கவலை வேண்டாம். 'முஜத்தரா' கேளுங்கள்: மைசூர்ப் பருப்பின் உடைக்காத முழுப் பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்து, மேலே கருகும் அளவுக்கு வதக்கிய வெங்காயம். அரிசியும் பார்ஸ்லியும் (கொத்தமல்லி மாதிரி ஒரு கீரை) அடைத்து எண்ணெயில் செய்த திராட்சை இலைச் சுருளும் உண்டு. கிறிஸ்தவ வீடுகளில் தவக்கால நாட்களில் இவைதான் ஓடும். பச்சைக் கறியை அரைத்துச் செய்யும் கிப்பே நய்யே வந்தால் வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையாட்டுங்கள், போதும் என்று அர்த்தம். "சஹ்தேன்" என்றால் உங்களுக்கு இரட்டை ஆரோக்கியம் என்று வாழ்த்துகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் கன்னத்தைக் கிள்ளி "தொப்ரீனி" என்பார்கள். 'நீ என்னைப் புதைக்கணும்' என்பது பொருள். பயந்துவிடாதீர்கள், நம் ஊர் அப்பத்தா பேரனிடம் 'நீதான்டா எனக்குக் கொள்ளி போடணும்' என்று கொஞ்சுவாரே, அதே ரகம்.

கேள்வி: தபூலே செய்தேன். கோதுமை ரவை உப்புமா மாதிரி வந்தது. அளவு சொல்லுங்களேன். (வாசகர், ஓசூர்)

பதில்: ரவையை அள்ளிப் போட்டிருக்கிறீர்கள். தபூலே என்பது பார்ஸ்லிக் கீரை சாலட். அதில் ரவை ஊறுகாய் மாதிரி. மூன்று பெரிய கட்டு பார்ஸ்லிக்கு நைஸான புல்குர் (வேகவைத்து உலர்த்திய கோதுமை ரவை) இரண்டு கைப்பிடி தாராளம். கீரையைக் கூர்மையான கத்தியால் ஒரே தடவை நறுக்குங்கள். திரும்பத் திரும்பக் கொத்தினால் கசிந்து கறுக்கும். எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் கடைசியில். இதற்குமேல் அளவு கேட்டால் தேத்தா, "அது நஃபஸ்" என்று முடித்துவிடுவார். நஃபஸ் என்றால் மூச்சு. நாம் கைமணம் என்கிறோமே, அதேதான். மிக்ஸியில் அடிக்கலாமா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு இரண்டு நாள் பேசவில்லை.

கேள்வி: ஹம்மூஸ் லெபனானுடையதா, இஸ்ரேலுடையதா? (வாசகர், கோவை)

பதில்: கொண்டைக்கடலையை மசித்துச் செய்யும் ஹம்மூஸுக்கு இரண்டு ஊரும் உரிமை கொண்டாடும். இதில் நான் தலையிட மாட்டேன். 2010 ஜனவரியில் இஸ்ரேலின் அபு கோஷ் ஊரில் நாலு டன் ஹம்மூஸ் கிளறிக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அதே மே மாதம் லெபனான் 10,452 கிலோ கிளறி அதை முறியடித்தது. எண்ணைக் கவனியுங்கள்: லெபனானின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர்! டிவியில் அந்தப் பெரிய தட்டைப் பார்த்த தேத்தாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: "இதைத் துடைத்துச் சாப்பிட ரொட்டி யார் சுட்டது?"